கடைசி வீட்டுத் தாத்தா

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்றார். வேலைவாய்ப்பு பற்றியோ வெளிநாட்டு வாய்ப்பு பற்றியோ பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் 2009-ல் இங்கே இயந்திரவியல் முடித்து வெளியே போனவன். அன்று முதல் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் வேலை. கிரீஸ் கையோடு நிற்பவனுக்கு மேடைப்பேச்சு வராது. அதனால் ஒரு கதை சொல்கிறேன். என் சொந்தக் கதைதான். அதில் நான் நல்லவனாக வரமாட்டேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் காட்பாடி. ஆண்டு 1997. எனக்கு ஒன்பது வயது. எங்கள் தெருவின் கடைசி வீடு ஒரு பழைய ஓட்டு வீடு. வாசலில் முருங்கை மரம், தகரக் கதவு. அதில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். பகலில் அவர் தலை வெளியே தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருக்குழாய்க்கு வந்து ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். இருட்டிலும் கருப்புக் கண்ணாடி போட்டிருப்பார். ஒரு கை எப்போதும் துண்டுக்குள் இருக்கும். அவரைப் பற்றி வீட்டில் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பக்கம் போகாதே."

ஒன்பது வயதுப் பையனிடம் அப்படிச் சொன்னால் அவன் எந்தப் பக்கம் போவான்? உங்களுக்கே தெரியும்.

நான், எதிர்வீட்டுப் பையன், அவன் தங்கை. மூன்று பேர் கொண்ட துப்பறியும் குழு. அவர் மனிதர் இல்லை என்பது எங்கள் முடிவு. அதற்கான ஆதாரங்களை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். பிற்காலத்தில் நான் எழுதிய எந்த ஆய்வகக் குறிப்பும் அவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை என்று சத்தியமாகச் சொல்வேன்.

ஒன்று: அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். இது ஜன்னல் வழியாகப் பார்த்தது. கயிற்றுக் கட்டிலில் குறட்டை விடுகிறார், கண் பாதி திறந்திருக்கிறது.

இரண்டு: அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார். முகம் சுளிப்பதே இல்லை.

மூன்று: ராத்திரியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு விளக்கைப் பக்கத்தில் வைத்து, கைக்கண்ணாடியை உள்ளங்காலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். மந்திரம்.

நான்கு: மூன்று பூனைகள். அவர் கட்டிலைச் சுற்றித்தான் படுக்கும்.

ஐந்து: பந்து. எங்கள் கிரிக்கெட் பந்து அந்த வீட்டுக்குள் விழுந்தால், கொஞ்ச நேரம் கழித்துத் தகரக் கதவுக்கு அடியிலிருந்து தானாக உருண்டு வெளியே வரும். கையும் தெரியாது, காலும் தெரியாது.

இந்த ஐந்துமே கண்ணால் பார்த்த உண்மை. ஒன்றுகூடக் கட்டுக்கதை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

அந்த வருஷம் பங்குனி மாசம். ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் தெருப் பிள்ளைகளுக்குத் திருவிழா. கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தோம். நாங்கள் மூன்று பேரும் ஒளிந்த இடம் குழாயடிக்குப் பக்கத்துத் திண்ணை. அவர் குடத்தோடு வந்தார். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். எதிர்வீட்டுப் பையன் கையிலிருந்த டார்ச்சை அடித்தான். குழாயடிச் சிமெண்டில் இடது காலடிகள் மட்டும் கருப்பாகத் தெரிந்தன. இன்னும் கிட்டே போய் அடித்தான். கருப்பு இல்லை, சிவப்பு. ரத்தம். அவரோ நொண்டவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றுமே நடக்காத மாதிரி நேராக நடந்து போகிறார்.

ஓடினோம். வீட்டுத் திண்ணையில் வந்து மூச்சு வாங்கும்போது அந்தச் சின்னப் பெண் கேட்டாள்: "பாவம்டா. அவருக்குக் கால்ல ஏதோ குத்தியிருக்கு. ஆயாகிட்ட சொல்லிடலாமா?"

நான்தான் சொன்னேன்: "சொன்னா, அங்க ஏன் போனீங்கன்னு அடி விழும். வாயை மூடு."

எங்கள் மூவரில் வயதில் சிறியவள் அவள். அவள் ஒருத்திதான் பார்த்ததைச் சரியாகப் புரிந்துகொண்டாள். அவள் வாயை மூடியவன் நான்.

மறுநாள் காலை குழாயடியில் ஒரே சத்தம். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் காய்ந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டார்கள். யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யார் கழுவுவது என்பதுதான் சண்டை. கடைசியில் ஒரு அக்கா பினாயில் ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவினார். "இந்த ஆள் இனிமே குழாய்க்கு வரக்கூடாது" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்கள். என் ஆயாவும் அங்கே இருந்தார். அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தக் காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

பத்து நாள் அவர் வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. நான் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். 2007-ல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்று பொய் சொல்ல மாட்டேன். முகாமில் ஏழு நாள் வகுப்பு கிடையாது, சாப்பாடு விடுதியைவிட நன்றாக இருக்கும் என்று சீனியர்கள் சொன்னார்கள். முகாமின் நான்காம் நாள் ஒரு டாக்டர் வந்து தொழுநோய் பற்றிப் பேசினார். நான் கடைசி வரிசையில் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

அவர் சொன்னதை இன்றும் சொல்ல முடியும். 1873-ல் நார்வே நாட்டு ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டார். அது மிக மெதுவாகப் பெருகும். உடம்பில் நுழைந்து அடையாளம் காட்டச் சராசரியாக ஐந்து வருஷம் ஆகும், இருபது வருஷம்கூட ஆகலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி இருப்பதால் அது ஒட்டவே ஒட்டாது. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்று ஊர் நம்புவது தவறு. கிருமி தாக்குவது நரம்பை. நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாதவன் கையைச் சுட்டுக்கொள்வான், காலைக் கிழித்துக்கொள்வான், அதைக் கவனிக்கவும் மாட்டான். விரல் போவது அந்தக் காயத்தால்.

இதைக் கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு மருத்துவராக வந்தவர். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். சில நோயாளிகளுக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரல் நுனி குறைந்திருந்தது. காரணம் தேடிக் காவல் இருந்து பார்த்தபோது, தூங்குகிறவர் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவருக்கோ தெரியவே இல்லை. அதன்பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

பூனை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

டாக்டர் பேசிக்கொண்டே போகிறார். முகத்து நரம்பு போனால் இமை மூடாது. தூங்கும்போதும் கண் திறந்திருக்கும். தூசியும் வெயிலும் படாமல் இருக்கக் கருப்புக் கண்ணாடி வேண்டும். சூடு தெரியாது, அதனால் பாத்திரத்தைத் துணி இல்லாமல் பிடிக்கவே கூடாது. வியர்வை இல்லாமல் கால் தோல் வெடிக்கும், அதனால் தினமும் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

என் கணக்கு நோட்டை அவர் வரிசையாகப் படிக்கிற மாதிரி இருந்தது. மாணவர்களே, நாங்கள் பார்த்தது எல்லாம் சரி. முடிவு மட்டும் தப்பு. அளவீடு சரியாக இருந்தும் முடிவு தப்பாகப் போவது எப்போது? நடுவில் ஒரு தகவல் இல்லாதபோது. அந்தத் தகவல் தெருவில் இருந்த பெரியவர்களிடம் பாதியாவது இருந்தது. நோயின் பெயர் அவர்களுக்குத் தெரியும். மீதிப் பாதியை அவர்களும் யாரிடமும் கேட்கவில்லை. எங்களிடம் பயம் இருந்தது, கூடவே கேள்வியும் இருந்தது. அவர்களிடம் பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

முகாம் முடிந்து ஊருக்குப் போனேன். பையைக்கூட வைக்காமல் அந்தத் தகரக் கதவைத் தட்டினேன். ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "யாரு?" என்றார். பெயரைச் சொன்னேன். "தெரியும், நோட்டு வச்சிருந்த பையன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அன்று அவர் தன் கதையைச் சொன்னார். வேலூரில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். "முதல்ல எழுத்து விரல்ல நிக்கல. கீழே கீழே விழும். முதலாளி திட்டுவாரு. எனக்கே புரியல. அப்புறந்தான் தேமல் மாதிரி வந்துது" என்றார். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் சிகிச்சை. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை பிறகு நம் ஊருக்கும் வந்தது. அவருக்கு 1980-களிலேயே அது முடிந்து, நோய் முழுக்கக் குணமாகிவிட்டது. அதாவது நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பயந்தபோது அவரிடம் நோயே இல்லை. அது விட்டுப்போன ஊனம் மட்டும்தான். மருந்தைத் தொடங்கிய சில நாளிலேயே இந்த நோய் அடுத்தவருக்குப் பரவும் சக்தியை இழந்துவிடும் என்பதும் அன்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவர் மனைவி பற்றிக் கேட்டேன். "அவ அப்பா வீட்டுக்கு நான்தான் அனுப்பிட்டேன்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

பந்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "நான் கையால எடுத்துக் குடுத்தா உங்க வீட்ல பந்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அதான் கம்பால தள்ளி விடுவேன்."

கடைசியில் அந்த ராத்திரியைச் சொன்னேன். ரத்தத்தைப் பார்த்ததை, சொல்லாமல் விட்டதை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "செருப்பு வாரு அறுந்துபோச்சு. எங்க செருப்புல ஆணி அடிக்கவே கூடாது, ஒட்டிதான் தரணும். கரிகிரி போகக் காசு இல்லன்னு இங்கயே குடுத்தேன். ஒரு ஆணி அடிச்சிட்டான். அவனுக்கு என்ன தெரியும்? அன்னிக்கு ராத்திரி கரண்ட் இல்ல, கண்ணாடி எடுக்கல. மறுநாள் காய்ச்சல். காய்ச்சல்ல படுத்தவன் காலைப் பாக்கல."

"காலையில குழாயடியில கத்தினாங்களே தாத்தா, கேக்கலியா?"

"கேட்டுச்சு. என்னைப் பத்தி தினம் ஒரு சத்தம். இதுவும் அதுதான்னு கதவைச் சாத்திக்கிட்டேன்."

நண்பர்களே, இந்த வார்த்தை எனக்கு உடனே புரியவில்லை. நாலைந்து வருஷம் கழித்து, வேலை பார்த்த இடத்தில்தான் புரிந்தது. ஒரு பெரிய மோட்டாரின் பேரிங் சூட்டைக் காட்டும் கருவி அடிக்கடி பொய்யாக அலாரம் கொடுத்தது. தொல்லை தாங்காமல் யாரோ சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு மின்தடையை அந்த இடத்தில் இணைத்துவிட்டார்கள். பேனலில் வெயிலிலும் மழையிலும் 42 டிகிரி. எல்லோருக்கும் நிம்மதி. ஒரு நாள் பேரிங் கருகி மோட்டாரே நின்ற பிறகும் பேனல் 42 டிகிரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரம் அந்த மோட்டாரைத் தாண்டிப் போன நானும் பேனலைத்தான் பார்த்தேன், கையை வைத்துப் பார்க்கவில்லை. அன்று அந்தக் கருகின பேரிங்கின் முன் நின்றபோது குழாயடிதான் நினைவுக்கு வந்தது.

வலி இல்லாத கால் ஒரு பக்கம். அதற்காவது அவர் தினமும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். வலி இல்லாத தெரு இன்னொரு பக்கம். அதற்குக் கண்ணாடி பிடிக்க யாரும் இல்லை. அவரைப் பார்த்து எப்போதும் கத்திக்கொண்டே இருந்த தெரு, உண்மையான எச்சரிக்கையைக் கத்தியபோதும் அது அவர் காதில் ஏறவில்லை. அந்தக் காலைக் காப்பாற்ற ஒரே ஒருவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று, "தாத்தா, கால்ல ரத்தம் வருது, பாருங்க" என்று சொல்லியிருந்தால் போதும். ஒன்பது வயதுக் குரலே போதுமானது.

நான் கிளம்பும்போது அவர் சொன்னதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. "மனசுல வச்சிக்காதே. உன் கணக்குல ஒரு ராத்திரி, என் கணக்குல பத்து நாள். ஒண்ணு சொல்றேன், அந்தத் தெருவுல என்னைப் பாத்தது நீங்க மூணு பேருதான். பெரியவங்க யாரும் பாக்க மாட்டாங்க, தலையைத் திருப்பிக்குவாங்க. நீங்க ஜன்னல்ல நிக்கறது தெரிஞ்சாலும் நான் அதை மூடினதில்ல."

அதன்பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்த்தேன். ஒரு தடவை ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆயா வாசலிலேயே நின்றார். அடுத்த தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். 2012-ல் அவர் காலமானார். தூக்க நான்கு பேர் இருந்தோம். அதில் ஒருவன் டார்ச் அடித்த அந்த எதிர்வீட்டுப் பையன்.

மாணவர்களுக்கு இரண்டு செய்தி. முதலாவது, தொழுநோய் பழைய கதை என்று நினைக்காதீர்கள். பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது 2005 டிசம்பரில் நீங்கியதாக இந்தியா அறிவித்தது உண்மை. ஆனால் 2022-ல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் நம் நாட்டில்தான், ஒரு லட்சத்துக்கும் அதிகம். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்பது 2019 வரை சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் யாருக்காவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம். ஆறு மாதம், அல்லது பன்னிரண்டு மாதம். நரம்பு சாவதற்கு முன் போனால் ஊனமே வராது.

இரண்டாவது, வீட்டில் குழந்தை கேட்கும் கேள்விக்கு "அந்தப் பக்கம் போகாதே" என்று பதில் சொல்லாதீர்கள். இதை உபதேசமாகச் சொல்லவில்லை, நானே மாட்டிக்கொண்டேன். சென்ற வருஷம் என் ஆறு வயது மகள் எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுப் பாட்டியைப் பற்றிக் கேட்டாள். எத்தனை தடவை மணி அடித்தாலும் கதவு திறக்காது, யாரோடும் பேசமாட்டார். "அவங்க பேயாப்பா?" என்றாள். "சும்மா இரு" என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "எனக்கும் தெரியல. வா, கேட்டுட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மணி அடித்தோம், திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கையை ஆட்டினோம். பாட்டி வந்து கதவைத் திறந்தார். காது கேட்காது, அவ்வளவுதான். மணி அடிப்பதே அவருக்குத் தெரியாது. "ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்கன்னு நெனச்சேம்மா" என்று என் மகளிடம் சொன்னார். இப்போது அங்கே மணி அடித்தால் விளக்கு எரிகிற மாதிரி ஒரு இணைப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் படித்த பொறியியலில் மனநிறைவு தந்த வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.